சில்லாவா, காயாவா? கால்கிண்ணத்தை அடையாளம் காண்பது

பழங்கொரியாவில் சில்லா ஓர் அரசு, காயா சிறு நாடுகளின் கூட்டம். அங்குள்ள 5ஆம் நூற்றாண்டுக் கல்லறைகளில் கிடைக்கும் சாம்பல்நிறக் கால்கிண்ணங்களில் (உயர்ந்த கால் வைத்த மண்கிண்ணங்களில்) முதலில் காலைப் பாருங்கள். செவ்வகத் துளைகள் மேலடுக்கிலும் கீழடுக்கிலும் மாறி மாறி வந்தால், நாக்டோங் ஆற்றுக்குக் கிழக்கே வழங்கிய சில்லா பாணி. ஒன்றின்கீழ் ஒன்றாக நேர்கோட்டில் நின்றால், மேற்கே காயா. கால் உடைந்து ஓரடுக்கே மிஞ்சினால் இந்தச் சோதனை உதவாது. அப்போது கூடவே கிடைத்த நீள்கழுத்து ஜாடியைப் பாருங்கள்: சில்லாவில் கழுத்தும் தோளும் சேருமிடத்தில் மடிப்புத் தெரியும், காயாவில் வளைந்து வழுக்கி இறங்கும். அந்த வளைவு கண்ணுக்கு எத்தனை இதம்!

ஆனால் பாணியை வைத்தே அரசின் எல்லையைப் போட்டுவிடக் கூடாது. காயா நாடுகளுள் ஒன்றாக எண்ணப்படும் சாங்னியோங்கில் துளைகள் மாறி மாறித்தான் இருக்கின்றன. இரு பக்கத்தாரும் சரிவுச் சூளையில் 1000 டிகிரிக்கு மேல் சுட்டார்கள். அந்த நுட்பம் கடல் தாண்டி ஜப்பானில் சூயே என்னும் சாம்பல்நிறக் கெட்டி மட்பாண்டமாக வேரூன்றியதில் காயாக் குயவர்களின் பங்கு பெரிது.