செம்பனைத் தோட்டத்து வெயிலில் போக்கோ எஃப்5: ஈராண்டைக் கடந்த அனுபவம்

விளையாட்டுக்காகத் திறன்பேசி வாங்குகிறவர்கள் அதன் வேகத்தை முப்பதாவது நிமிடத்தில் அளந்து பார்க்க வேண்டும். போக்கோ எஃப்5 திறன்பேசியை ஈராண்டுக்கு மேலாகப் பயன்படுத்தியபின் நான் உறுதியாகச் சொல்லக்கூடிய கருத்து இது. மலேசியாவின் சுங்கை சிப்புட்டை அடுத்த செம்பனை எண்ணெய் ஆலை ஒன்றின் எடைமேடையில் நான் பணிபுரிகிறேன். லாரிகளின் வரிசை குறையும் வேளையில் மொபைல் லெஜண்ட்ஸ் விளையாடுவது, இரவில் படம் பார்ப்பது, மின்னல் பண்பலை கேட்பது, கடையில் கியூஆர் குறியீட்டைக் காட்டிப் பணம் செலுத்துவது, எடைச் சீட்டைப் படமெடுத்து அலுவலகத்துக்கு அனுப்புவது என எல்லாமே இந்த ஒரு கருவியில்தான் நடக்கின்றன. குளிரூட்டிய அறையில் சோதித்து எழுதப்படும் மதிப்புரைகள் எங்களைப் போன்றவர்களுக்குப் பாதி வழிவரைதான் துணை வரும்.

2023 மே மாதம் வெளிவந்த இந்த மாடலில் இருப்பது ஸ்நாப்டிராகன் 7+ ஜென் 2 சிப். பெயரில் 7 என்ற எண்ணைக் கண்டு இதை இரண்டாந்தரமாக எண்ணிவிடக் கூடாது. அதற்கு முந்தைய ஆண்டின் உயர்நிலைச் சிப்பான 8 ஜென் 1 சாம்சுங் ஆலையில் தயாரானது. அது அதிகமாகச் சூடேறுகிறது என்ற பேச்சு பரவலாக இருந்தது. ஸ்நாப்டிராகன் சிப்புகளை வடிவமைக்கும் குவால்காம் 2022-இல் 8+ ஜென் 1 சிப்பைத் தைவானின் டிஎஸ்எம்சி ஆலைக்கு மாற்றியது. அதே டிஎஸ்எம்சியின் 4 நானோமீட்டர் முறையில்தான் 7+ ஜென் 2 சிப்பும் செய்யப்பட்டது. குறைந்த மின்சாரத்தில் அதே வேலையைச் செய்து முடிக்கும் சிப் குறைவாகச் சூடாகும் என்பதால், வெப்ப நாட்டில் வாழும் நமக்கு உச்ச வேகத்தைவிட இந்தக் குணமே பெரிது.

திறன்பேசிக்குள் சூடு ஓர் எல்லையைத் தாண்டினால் சிப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஆட்டம் நொடிக்கு 60 பிரேம் (திரையில் அடுத்தடுத்து வரையப்படும் படம்) என்றால் ஒவ்வொரு பிரேமையும் ஏறக்குறைய 16.7 மில்லிநொடிக்குள் வரைந்து முடிக்க வேண்டும். அந்த நேரத்துக்குள் முடியாதபோதுதான் ஆட்டம் திக்கித் திக்கி நகர்கிறது. எடைமேடையின் அறைக்குத் தகரக் கூரை. பிற்பகல் இரண்டு மணிக்கு அங்கே அமர்ந்து ஆடும்போது முதல் ஆட்டம் எந்தத் திறன்பேசியிலும் நன்றாகவே இருக்கும். இரண்டாவது ஆட்டத்தின் நடுவில், ஐந்து பேரும் ஒன்றுகூடி மோதும் அந்த நேரத்தில், சூடேறிய கருவியின் திரை தானாகவே மங்கும்; விரல் ஓரிடத்தில் இருக்க நாயகன் வேறிடத்தில் நிற்பான். நான் முன்பு வைத்திருந்த ஒரு கருவியில் இது அன்றாடத் தொல்லையாக இருந்தது. எஃப்5-இல் முதுகுப் பக்கம் வெதுவெதுப்பாகிறதே ஒழிய, ஆட்டத்தின் ஓட்டம் பெரிதாகக் குலைவதில்லை. கடும் வெயிலில் கிராபிக்ஸ் தரத்தை ஒரு படி குறைத்துவிடுவேன். சிறு திரையில் அந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரிவதே அரிது. வியர்வையில் விரல் ஒட்டிக்கொள்வதற்குக் கடைகளில் கிடைக்கும் துணி விரலுறையே போதுமானது.

சிப்பைப் பற்றி விளையாட்டு ஆர்வலர்கள் மணிக்கணக்கில் பேசுகிறார்கள். அலைவரிசையைப் பற்றி அதில் பாதிகூடப் பேசுவதில்லை. தோட்டப்புறத்தில் ஆட்டத்தைத் தோற்கடிப்பது பெரும்பாலும் இணைப்புத்தான். மலேசியாவில் 3ஜி சேவை 2021 இறுதியோடு மூடப்பட்டது. அதன்பின் அழைப்புகள் 4ஜி வழியாகவே வர வேண்டும். அதற்கு வோல்ட்டி (4ஜி வழியே குரல் அழைப்பு) வசதி அந்தத் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் சிம் அட்டையோடு ஒத்து இயங்க வேண்டும். இயங்காவிட்டால், அழைப்பு வந்ததும் கருவி 2ஜிக்கு இறங்கிவிடும், இணையம் அறுந்துபோகும். என் தங்கை மகன் மலிவாகக் கிடைத்ததென்று வெளிநாட்டுச் சந்தைக்கான செட் ஒன்றை வாங்கி வந்தான். சிப்பில் குறையே இல்லை. ஆனால் அவனுடைய சிம்மில் வோல்ட்டி இயங்கவில்லை. தரவரிசை ஆட்டத்தின் நடுவே வீட்டிலிருந்து அழைப்பு வந்தால், அவன் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் ஆட்டம் துண்டிக்கப்பட்டுவிடும். பாதியில் விலகியதாகக் கணக்காகி அவனுடைய நன்மதிப்புப் புள்ளியும் குறையும், மற்ற நால்வரின் ஆட்டமும் கெடும். ஆகவே உள்நாட்டு உத்தரவாதமும் சிரிம் சான்றும் (மலேசியத் தரச்சான்று) உள்ள செட்டையே வாங்குங்கள் என்று தோட்டத்துப் பிள்ளைகள் அனைவரிடமும் நான் வற்புறுத்திச் சொல்லி வருகிறேன். விலையில் நூறு இருநூறு வெள்ளி கூடினாலும் அது வீண்செலவாகாது.

5ஜிக்கும் இதே கவனம் தேவை. டிஜிட்டல் நேஷனல் நிறுவனம் 2021 டிசம்பரில் தொடங்கிய 5ஜி சேவை 700 மெகாஹெர்ட்ஸ், 3.5 கிகாஹெர்ட்ஸ் ஆகிய அலைவரிசைகளைப் பயன்படுத்துகிறது. 3.5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் தொலைவையும் மரக்கூட்டத்தையும் தாண்ட அதற்கு வலிமை குறைவு. 700 அதைவிட வெகுதூரம் செல்லும். எனவே என்78 (3.5 கிகாஹெர்ட்ஸ்) அலைவரிசையோடு என்28 (700 மெகாஹெர்ட்ஸ்) அலைவரிசையும் உள்ளதா என்று பார்த்து வாங்குவது நல்லது. எஃப்5-இல் இரண்டும் உண்டு. பட்டணத்தில் 5ஜி சீராகக் கிடைக்கிறது. செம்பனை நிரைகளுக்குள் நுழைந்ததும் கருவி 5ஜிக்கும் 4ஜிக்கும் இடையே தாவத் தொடங்கும், ஒவ்வொரு தாவலிலும் பிங் (இணைப்பின் தாமதம்) எகிறும். அங்கே 5ஜியை அணைத்து 4ஜியிலேயே நிறுத்திவிட்டு ஆடுவேன். விளையாட்டுக்குத் தேவைப்படும் தரவு மிகக் குறைவு. தாமதம் ஒரே சீராக இருப்பதுதான் முக்கியம்.

சேமிப்பகம் யுஎஃப்எஸ் 3.1 என்ற வேகமான வகையாக இருப்பதால் ஆட்டங்கள் விரைவாகத் திறக்கின்றன. மெமரி கார்டு போட இடமில்லை என்பதை வாங்கும் முன்பே கணக்கில் கொள்ள வேண்டும். கென்ஷின் இம்பாக்ட் என்ற ஆட்டம் ஒன்றே 20 ஜிபிக்கு மேல் பிடிக்கும். குடும்பப் புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களில் வந்து குவியும் காணொளிகளையும் சேர்த்துப் பார்த்தால் 256 ஜிபிக்குக் குறைவாக வாங்குவது பொருத்தமாகாது.

படம் பார்ப்பதற்கு 6.67 அங்குல அமோலெட் திரை மனநிறைவைத் தருகிறது. இருண்ட காட்சிகளில் கறுப்பு கறுப்பாகவே தெரிகிறது. 120 ஹெர்ட்ஸ் புதுப்பிப்பின் இதத்தைச் செய்தி படிக்கும்போதுதான் நான் அதிகம் உணர்கிறேன். எந்த மாடலை வாங்கினாலும் வைட்வைன் எல்1 (படங்களின் நகல் பாதுகாப்பு) உரிமம் உள்ளதா என்று கேளுங்கள். அது இல்லாவிட்டால் கட்டணச் செயலிகள் திரை எவ்வளவு தெளிவானதாக இருந்தாலும் குறைந்த தரத்திலேயே படத்தைக் காட்டும். 3.5 மில்லிமீட்டர் செவிப்பொறித் துளை இதில் இருப்பது எனக்குப் பெரிய வரமாகப் படுகிறது. புளூடூத் வழி ஒலி சற்றுத் தாமதித்தே காதுக்கு வரும். பாட்டுக்கு அது பொருட்டில்லை, பப்ஜியில் எதிரியின் காலடி ஓசை தாமதித்துக் கேட்டால் பயனில்லை.

அன்றாடப் பயன்பாட்டில் நான் எதிர்பாராத நன்மை அகச்சிவப்பு வசதி: தொலையியக்கி தொலைந்துபோன வீட்டில் தொலைக்காட்சியையும் குளிரூட்டியையும் இதுவே இயக்குகிறது. 64 மெகாபிக்சல் முதன்மைக் கேமரா பகல் வெளிச்சத்திலும் கோயில் திருவிழாவின் விளக்கொளியிலும் நம்பகமாகப் படமெடுக்கிறது. மற்ற இரு கேமராக்களுக்காக யாரும் பணம் கொடுக்கத் தேவையில்லை. ஐபி53 தரம் என்பது தூசிக்கும் சாரலுக்கும் மட்டுமே. வெளிக்காட்டில் மழையோடு மழையாக வேலை செய்பவர்கள் ஐபி67, ஐபி68 தரமுள்ள கருவியைத் தேடுவதே முறை.

5000 எம்ஏஎச் பேட்டரி முதலாண்டில் இருந்த அளவுக்கு இப்போது தாங்குவதில்லை. லித்தியம் பேட்டரிக்கு வயதும் வெப்பமும் செய்யும் வேலை அது. சார்ஜரைச் சொருகியபடியே ஆடினால் சிப்பின் சூடும் மின்னேற்றச் சூடும் ஒன்றுசேர்வதால், அந்தப் பழக்கத்தை வீட்டில் எல்லோருக்கும் தடை செய்திருக்கிறேன். 67 வாட் சார்ஜர் விரைவாக நிரப்பிவிடுவதால் அந்தத் தடையைக் கடைப்பிடிப்பது கடினமாகவும் இல்லை. இடி இடிக்கத் தொடங்கினால் சார்ஜரைக் கழற்றிவிடுவோம். இனிப் புதிதாக வாங்குகிறவர்கள் இதே மாடலைத் தேட வேண்டியதில்லை. அதே தொடரில் அடுத்தடுத்த மாடல்கள் வந்துவிட்டன. எதை எடுத்தாலும் பணம் கட்டும் முன் பட்டணத்தில் பழுதுபார்ப்பவரிடம் அதன் திரையும் பேட்டரியும் ஈப்போவிலிருந்து எளிதாக வருமா, என்ன விலையாகும் என்று விசாரித்துவிடுங்கள். நான் விசாரித்தேன், பேட்டரி மாற்றக்கூடிய விலையில்தான் இருக்கிறது. அடுத்த மாதம் மாற்றிவிட்டு, இதையே தொடர்ந்து பயன்படுத்தப் போகிறேன்.