என்.டி.ஏ.வா, ஏ.எஃப்.கேட்டா?

இரண்டாம் உலகப்போர் காலத்து ஓடுதளம் உள்ள செட்டிநாட்டுப் பிள்ளைக்கு விமான ஆசை வருவது இயல்புதான். போன வாரம் காரைக்குடித் தம்பி ஒருவன், "விமானப்படையில் விமானியாக எந்த வழிண்ணே நல்லது?" என்று கேட்டான்.

பிளஸ் டூவோடு என்.டி.ஏ. (தேசியப் பாதுகாப்பு அகாடமி) தேர்வு எழுதினால் புனே அருகே கடக்வாஸ்லாவில் உள்ள அந்த அகாடமியில் 3 ஆண்டு, அப்புறம் விமானப் பயிற்சி. கிடைப்பது நிரந்தரப் பணி. விங் கமாண்டர், குரூப் கேப்டன் என்று பதவிகளில் ஏறி ஏர் மார்ஷல்வரை போகக் காலம் இருக்கும். இந்த வழியில் வந்த ஏ.பி. சிங், 1984-ல் போர் விமானியாகச் சேர்ந்து 2024-ல்தான் விமானப்படையின் தலைமைத் தளபதியானார். அத்தனை பொறுமை வேண்டும்.

பட்டம் முடித்து ஏ.எஃப்.கேட் (விமானப்படைப் பொது நுழைவுத் தேர்வு) வழியாகப் போனால் 14 ஆண்டு குறுகியகாலப் பணி. பறப்பது மட்டுமே ஆசை என்றால் சரி, அது போதும்.

படையை நடத்தும் அதிகாரியாக வேண்டுமென்றால் என் மனசு என்.டி.ஏ. பக்கம்தான். 2022 முதல் பெண்பிள்ளைகளும் அங்கே சேர்கிறார்கள், தங்கச்சியிடமும் சொல்லு தம்பி.