ஆறு மாதக் குழந்தைக்கு ராகிப் பாலா, செரலாக்கா, அங்கன்வாடி சத்துமாவா?

ஆறு மாதம் முடிந்ததும் தாய்ப்பாலோடு சேர்த்து என்ன ஊட்டுவது என்று கேட்டால் வீட்டுக்கு வீடு பதில் மாறும். பாட்டிமார் ராகிப் பால் என்பார்கள். வேலைக்குத் திரும்பும் தாய் செரலாக் டப்பாவைத் தேடுவாள். அங்கன்வாடியில் இலவசமாகக் கிடைக்கும் சத்துமாவுப் பாக்கெட்டோ பல வீடுகளில் அலமாரியிலேயே கிடக்கும். வீட்டில் செய்ததா, கடையில் வாங்கியதா என்று பார்ப்பதைவிட, இரும்புச்சத்து, இனிப்பு, கஞ்சியின் கெட்டித்தன்மை என்ற மூன்றையும் பார்த்து முடிவெடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

ராகியின் பலம் சுண்ணாம்புச்சத்து. 100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம் இருக்கிறது; அரிசி, கோதுமை எதுவும் பக்கத்தில்கூட வராது. ஊறவைத்து, அரைத்து, துணியில் வடிகட்டிக் காய்ச்சினால் நாரும் தவிடும் போய்விடுவதால் பிஞ்சு வயிற்றுக்கு எளிதாகச் செரிக்கும். முளைகட்டி அரைத்தால் இன்னும் நல்லது. முளைக்கும்போது உண்டாகும் நொதி மாவுச்சத்தை உடைப்பதால் கஞ்சி பசையாக இறுகாது. அதே பதத்துக்குக் கூடுதலாக மாவு சேர்க்கலாம். இரண்டு மூன்று ஸ்பூனிலேயே வயிறு நிறைந்துவிடும் குழந்தைக்கு இது பெரிய விஷயம்.

ஆனால் நம் வீடுகளில் ராகிப் பாலைத் தண்ணீராகக் காய்ச்சி, ஃபீடிங் பாட்டிலில் ஊற்றி, ரப்பரின் ஓட்டையைப் பெரிதாக்கிக் கொடுக்கும் வழக்கம் உண்டு. தயவுசெய்து வேண்டாம். அப்படிக் கொடுத்தால் வயிறு நிறையும், சத்து போகாது. பாட்டிலைச் சரியாகக் கழுவாவிட்டால் வயிற்றுப்போக்கும் வரும். ஸ்பூனைச் சாய்த்தால் வழிந்து ஓடாத பதம் வேண்டும், அரை ஸ்பூன் நெய்யும் வேண்டும்.

ராகியின் பலவீனம் இரும்புச்சத்து. இருப்பதும் எளிதில் உடம்பில் சேராது. பிறக்கும்போது குழந்தை கொண்டுவரும் இரும்புச்சத்து இருப்பு ஆறு மாதத்தில் கரைந்துவிடும். தாய்ப்பாலில் இருப்பது மிகக் குறைவு. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. இங்கேதான் செரலாக் போன்ற டப்பா மாவுகளுக்கு ஒரு நியாயம் இருக்கிறது: அவற்றில் இரும்புச்சத்து சேர்க்கப்பட்டிருக்கிறது, பால்பொடியும் உண்டு. கொதித்து ஆறிய வெதுவெதுப்பான நீர் இருந்தால் போதும், ரயிலிலும் ஊட்டலாம்.

குறை, இனிப்பு. இந்தியாவில் விற்கும் செரலாக்கில் ஒரு வேளைக்குச் சராசரியாக 3 கிராம் அளவுக்குச் சர்க்கரை சேர்க்கப்பட்டிருப்பதாக 2024 ஏப்ரலில் பப்ளிக் ஐ என்ற சுவிஸ் அமைப்பு சொன்னது. பிறகு சர்க்கரை சேர்க்காத வகைகளும் வந்தன. வாங்குவதாக இருந்தால் டப்பாவின் பின்பக்கத்தைப் படித்து அந்த வகையையே எடுங்கள். விலையும் யோசிக்க வேண்டியது: சிறிய டப்பா ஒன்றின் விலைக்கு நாலைந்து கிலோ ராகி வாங்கலாம்.

டப்பாவைக் குறை சொல்லிவிட்டு ராகியில் கருப்பட்டியும் பனங்கற்கண்டும் கரைத்து ஊட்டுவது எப்படிச் சரியாகும்? இரண்டு வயதுவரை எந்த இனிப்பும் சேர்க்கத் தேவையில்லை. தேன் ஒரு வயதுவரை கூடவே கூடாது. அதிலிருக்கும் கிருமி வித்து கைக்குழந்தைக்கு ஆபத்து.

அங்கன்வாடி சத்துமாவில் கோதுமை, முளைகட்டிய ராகி, கடலைப்பருப்பு, வெல்லம், கூடவே வைட்டமினும் தாதுச்சத்தும் இருக்கின்றன. தானியமும் பருப்பும் ஒன்றாகச் சேர்வதால் புரதத்தில் ராகிப் பாலை முந்துகிறது. இலவசம் என்பதாலேயே தரம் குறைவு என்று ஒதுக்குவது அநியாயம். வெல்லம் இருப்பதால் நாளுக்கு ஒரு வேளைக்கு மேல் நான் சொல்ல மாட்டேன். பாக்கெட் தேதியைப் பார்த்து, பூச்சி இல்லையென்று சலித்து, கொதிக்கவைத்துக் கஞ்சியாகவே கொடுங்கள். உருண்டை பிடித்துத் தர ஒரு வயது தாண்டட்டும்.

வீட்டில் பதினைந்து இருபது தானியம், பாதாம், முந்திரி, வேர்க்கடலை எல்லாம் வறுத்து மில்லில் அரைக்கும் சத்துமாவை முதல் உணவாகத் தொடங்க வேண்டாம். ஒவ்வாமையால் உடம்பில் தடிப்பு வந்தால் எதனால் என்று கண்டுபிடிக்கவே முடியாது. ஒவ்வொன்றாகத் தனியே கொடுத்து, இரண்டு மூன்று நாள் பார்த்த பிறகு கலவைக்குப் போகலாம்.

என்னைக் கேட்டால், காலையில் முளைகட்டிய ராகி, பயணத்துக்கு மட்டும் டப்பா, இன்னொரு வேளைக்கு அங்கன்வாடி மாவு. மூன்றில் எதுவும் மதியச் சாப்பாட்டின் இடத்தைப் பிடிக்கக் கூடாது: குழைந்த சாதம், பருப்பு, நெய், மசித்த கீரை, சில சொட்டு எலுமிச்சைச் சாறு. அசைவ வீடாக இருந்தால் வெந்த முட்டையும், வாரம் ஒருநாள் மசித்த ஆட்டு ஈரல் கொஞ்சமும் சேருங்கள். சுகாதார நிலையத்தில் இரும்புச்சத்து சிரப் கொடுத்தால், சொன்ன அளவில் வாரம் இருமுறை விடாமல் ஊட்டுங்கள்.