குப்பை கொட்டுவோரைப் பிடிக்கும் அலுவலர்களுக்கு வகுப்பறைப் பயிற்சியா, களப் பயிற்சியா?

எங்கள் பிரிவு அலுவலர்களுக்குப் பயிற்சி தர இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, வகுப்பிலோ ஆன்லைனிலோ சட்டப் பிரிவுகளைச் சொல்லித் தருவது. இன்னொன்று, பழுத்த அனுபவமுள்ள அலுவலரோடு களத்துக்கு அனுப்பி, கடைசியில் மாதிரி நீதிமன்றத்தில் கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்பது. இரண்டாவதைத்தான் எடுத்தோம். இன்று கேட்டாலும் அதையே சொல்வேன்.

வகுப்புக்குச் செலவு குறைவு, ஒரே நேரத்தில் நிறையப் பேருக்கு நடத்தலாம். சட்ட அறிமுகத்துக்கு அது போதும். தெருவில் காகிதம் எறிவதும் லாரியில் கட்டடக் கழிவு கொண்டுவந்து கொட்டுவதும் ஒரே குற்றம் அல்ல. இங்கிலாந்தின் 1990 சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தில் முன்னது 87ஆம் பிரிவு, பின்னது 33ஆம் பிரிவு. இதையெல்லாம் உட்கார்ந்தே படித்துவிடலாம்.

வழக்கு நிற்பதும் விழுவதும் ஆதாரத்தில்தான். கொட்டிக் கிடக்கும் மூட்டைக்குள் முகவரியோடு ஒரு கூரியர் உறை தெரிகிறது என்று வையுங்கள். புதியவரின் கை சட்டென்று அதை எடுக்கப் போகும். பழகியவர் தடுப்பார். முதலில் சாலையும் பக்கத்துக் கம்பமும் தெரிய ஒரு படம், பிறகு மூட்டை கிடக்கும் நிலையில் ஒன்று, பிரித்தபின் உறை இருந்த இடத்திலேயே ஒன்று. கையுறை போட்டிருந்தாலும் உள்ளே கை விட்டுத் துழாவக் கூடாது. ஊசி இருக்கலாம், உடைந்த கண்ணாடி இருக்கலாம். அப்புறம் உறையைக் கவரில் போட்டு மூடி, நேரத்தையும் பிரித்தவர் பெயரையும் எழுதிக் கையெழுத்து. அது யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்ற வரிசை ஓரிடத்தில் அறுந்தாலும் எதிர்த்தரப்பு வக்கீல் அதைப் பிடித்துக்கொள்வார்.

இவ்வளவு செய்தும் அந்த முகவரி, குப்பை யாருடையது என்றுதான் காட்டும். கொட்டியது யார் என்று காட்டாது. "வண்டிக்காரரிடம் காசு கொடுத்து அனுப்பினேன், அவர் எங்கே கொட்டினாரோ" என்று வீட்டுக்காரர் சொன்னால் என்ன கேட்பது? வண்டி எண் என்ன, ரசீது உண்டா, அவருக்கு உரிமம் இருக்கிறதா என்று பார்த்தீர்களா? அதே சட்டத்தின் 34ஆம் பிரிவு, அனுமதி உள்ளவரிடம்தான் கழிவைக் கொடுக்கிறோமா என்று பார்க்கும் பொறுப்பை வீட்டுக்காரர் மேலும் வைக்கிறது. பிரிவை மனப்பாடமாகச் சொல்பவர்கூட, கோபமாக நிற்பவரிடம் குரல் உயர்த்தாமல் இதையெல்லாம் வரிசையாகக் கேட்டு எழுதத் தடுமாறுவார். "நீங்களே பார்த்தீர்களா, யாராவது சொன்னார்களா?" என்று மாதிரிக் குறுக்கு விசாரணையில் கேட்டதும் திணறியவர்கள், அதற்குப் பிறகு குறிப்பேடு எழுதும் விதமே மாறியது.

களப் பயிற்சியிலும் குறை உண்டு. அழைத்துப் போகிறவரின் தவறான பழக்கமும் சேர்ந்தே ஒட்டிக்கொள்ளும். அதனால் அவரைத் தேர்ந்தெடுப்பதற்குத்தான் அதிகம் மெனக்கெட்டோம். அப்படி ஒருவர் இல்லாத சிறிய உள்ளாட்சி, பக்கத்து உள்ளாட்சியிடம் ஆளைக் கேட்டு வாங்கலாம். இரவுக் கண்காணிப்பிலும் மறைகேமராவிலும் எங்களுக்கு அனுபவம் குறைவு. அங்கே தனியுரிமை விதிகளும் குறுக்கிடுவதால் வகுப்பை முதலில் வைப்பதே நல்லது என்று படுகிறது. அடித்துச் சொல்ல மாட்டேன்.