டைம் சிங்க்கால சிபியூ 100%: என்டிபிடி, க்ரோனி ரெண்டையும் வருஷக்கணக்கா ஓட்டின அனுபவம்

டைம் சர்வீஸ்தான் சிபியூவ சாப்பிடுதுன்னு யாராச்சும் வந்து சொன்னா நான் முதல்ல கேக்குறது, டாப் கமாண்ட் போட்டு பாத்தீங்களா, மேல எந்த ப்ராசஸ் நிக்குது? லினக்ஸ் சர்வர்ல நெட்வொர்க் வழியா கடிகாரத்த சரியா வச்சிருக்கிற என்டிபிடி, க்ரோனின்னு ரெண்டு ப்ரோகிராமையுமே ஓட்டியிருக்கேன், சாதாரணமா ரெண்டும் 1% கூட எடுக்காது. டைம் சர்வீஸ் கடிகாரத்த மாத்துற விதத்துல மத்த ப்ராசஸ்தான் மாட்டிக்கும்.

2012 ஜூன் 30 லீப் செகண்ட் (பூமி சுத்துறதோட ஒத்துப்போக உலக நேரத்துல சேக்குற ஒரு கூடுதல் செகண்ட்) ஞாபகம் இருக்கிறவங்களுக்கு இது நல்லா புரியும். உலகப் பொது நேரமான யுடிசில 23:59:60, நமக்கு ஜூலை 1 ஞாயித்துக்கிழமை காலைல 5:30. சரியா அந்த நேரத்துல இருந்து நாங்க பாத்துட்டு இருந்த சர்வர்கள்ல ஜாவா ப்ரோகிராம்களும் மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸும் சிபியூ 100%ல போய் நின்னுடுச்சு, ட்ராஃபிக்கும் இல்ல, லாக்ல எரரும் இல்ல, சர்வீஸ ரீஸ்டார்ட் பண்ணாலும் திரும்ப அதேதான்.

என்ன நடந்துச்சுன்னா, லீப் செகண்ட் வருதுன்னு என்டிபிடி முன்னாடியே கெர்னல்கிட்ட (லினக்ஸோட மையப் பகுதி) சொல்லி வச்சிருக்கும், கெர்னலும் சொன்னபடி கடிகாரத்த ஒரு செகண்ட் பின்னாடி வச்சிடுச்சு, ஆனா உள்ள இருக்கிற ஹை ரெசல்யூஷன் டைமருக்கு அந்தத் தகவல் போய்ச் சேரல, அது ஒரு செகண்ட் முன்னாடியே ஓடிட்டு இருக்கு. அரை செகண்ட் கழிச்சு எழுப்புன்னு ஒரு த்ரெட் (ப்ரோகிராமுக்குள்ள ஓடுற ஒரு வேலை) தூங்கப் போனா, டைம் ஆயிடுச்சுன்னு உடனே எழுப்பிடும், அது திரும்ப தூங்கப் போகும், திரும்ப எழுப்பும், இப்படியே சுத்திட்டு இருக்கும். ஜெர்மனில ஹெட்ஸ்னர்ங்கிற ஹோஸ்டிங் கம்பெனியோட டேட்டா சென்டர்ல அன்னிக்கு ராத்திரி கரண்ட் செலவே சுமார் 1 மெகாவாட் ஏறிச்சுன்னு அவங்களே சொன்னாங்க.

தீர்வு ரொம்ப சின்னது. என்டிபிடிய நிறுத்திட்டு, டேட் கமாண்ட்ல இப்ப இருக்கிற அதே நேரத்தையே திரும்ப செட் பண்ணணும், அப்ப கெர்னல் டைமரையும் சேத்து சரி பண்ணிக்கும். ரீபூட்டே வேணாம், அடிச்ச உடனே சிபியூ இறங்கிடும்.

அப்புறம் கெர்னல்லயே இதுக்கு பேட்ச் (திருத்தம்) வந்துடுச்சு. 2014ல ரெட்ஹேட் லினக்ஸ் 7 க்ரோனிய டீஃபால்ட் ஆக்கினதும் நானும் அதுக்கு மாறிட்டேன், இப்ப வரைக்கும் அதுதான், எனக்கு முழு திருப்தி. விஎம்ம (விர்ச்சுவல் மெஷின்) சஸ்பெண்ட் பண்ணி எழுப்பினாலும் சீக்கிரம் நேரத்தப் பிடிச்சுக்குது, லீப் செகண்ட கெர்னல்கிட்ட விடாம தானே மெதுவா இழுத்துச் சரி பண்ற ஸ்லூ மோடும் இருக்கு, 2015, 2016 ரெண்டு லீப்பும் சத்தமே இல்லாம தாண்டிச்சு. ஒரே குறை, நேரடியா கடிகார ஹார்ட்வேர் மாட்டுறவங்களுக்கு என்டிபிடில இருக்கிற அளவுக்கு ட்ரைவர் இதுல கிடையாது.

2016க்கு அப்புறம் லீப் செகண்டே வரல, 2035க்குள்ள இந்த முறையவே மாத்தணும்னு 2022ல முடிவும் பண்ணிட்டாங்க. இருந்தாலும் கான்ஃபிக்ல ஒண்ணு மட்டும் பாருங்க: கூகுள் டைம் சர்வர் லீப் செகண்ட நாள் பூரா கொஞ்சம் கொஞ்சமா பரப்பிக் குடுக்கும், சாதாரண என்டிபி சர்வர் அப்படிக் குடுக்காது, ரெண்டையும் ஒரே லிஸ்ட்ல போட்டா லீப் அன்னிக்கு அரை செகண்ட் வரைக்கும் வித்தியாசம் வரும், ஏதாவது ஒரு வகைய மட்டும் வைங்க.