மைலேஜ் கருவியா, டயர் காற்றா?

பெட்ரோல் குழாயில் மாட்டும் காந்தம், ஸ்டீயரிங்குக்குக் கீழே ஓபிடி சாக்கெட்டில் (மெக்கானிக் கருவியை மாட்டி வண்டியின் கோளாறைப் பார்க்கும் இடம்) செருகும் பச்சை விளக்கு டப்பா: இரண்டுமே மைலேஜைக் கூட்டும் என்றுதான் விற்கிறார்கள். அவற்றுக்கு எதிராக நான் நிறுத்துவது சாதாரண டயர் பிரஷர் கேஜ்.

காந்தம் எரிபொருளை முழுதாக எரிய வைக்குமாம். சரி, நல்ல நிலையில் உள்ள இன்ஜினில் பெட்ரோல் ஏற்கெனவே ஏறக்குறைய முழுதாகத்தானே எரிகிறது! ஆற்றலில் பெரும்பங்கு வெப்பமாகி ரேடியேட்டர் வழியாகவும் சைலன்சர் வழியாகவும் போய்விடுகிறது. காந்தம் அதை எப்படிப் பிடித்து நிறுத்தும்? அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை நூற்றுக்கும் மேற்பட்ட கருவிகளை ஆராய்ந்தும், மைலேஜைக் குறிப்பிடத்தக்க அளவு கூட்டிய ஒன்றைக்கூடக் காணவில்லை. விளக்கு டப்பாக்களைப் பிரித்துப் பார்த்தவர்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் மினுக்கும் விளக்கும் ஒரு சின்ன சிப்பும்தான்.

பிறகு ஏன் சிலர் பலன் கிடைத்ததாகச் சத்தியம் செய்கிறார்கள்? காசு கொடுத்து வாங்கிய நாளிலிருந்து ஆக்சிலரேட்டரை மெதுவாக மிதிக்கிறார்கள், அவ்வளவுதான்.

டயர் காற்று அதிசயம் எதுவும் செய்யாது. நான்கு டயரிலும் சராசரியாக 1 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) குறைந்தால் மைலேஜ் ஏறத்தாழ 0.2 சதவீதம் குறையும் என்கிறது அமெரிக்க எரிசக்தித் துறை. 10 பிஎஸ்ஐ இறங்கியிருந்தால் 2 சதவீதம். சின்னத் தொகைதான், ஆனால் நிஜம். காற்று சரியாக இருந்தால் டயரும் சீக்கிரம் தேயாது. எவ்வளவு காற்று வேண்டும் என்பது பெரும்பாலான கார்களில் டிரைவர் கதவோரத்து ஸ்டிக்கரிலேயே இருக்கிறது. வண்டி ஓடி டயர் சூடாகும் முன் பாருங்கள்.