வலெஹோ மெட்டல் கலர்: சேபர் விமானத்துக்கு ஏற்ற அலுமினியம்

தென்னாப்பிரிக்க விமானப்படையின் 2ஆம் ஸ்குவாட்ரன், கொரியப் போரின்போது மஸ்டாங் விமானங்களை விட்டு 1953ஆம் ஆண்டில் எஃப்-86எஃப் சேபர் ஜெட்டுக்கு மாறியது. அமெரிக்காவிடம் இரவலாகப் பெற்ற அந்த விமானங்கள் உருமறைப்பு வண்ணம் ஏதுமின்றி வெற்று உலோக உடலோடு பறந்தவை. டர்பனில் மாதிரி விமானம் செய்பவர் எவரும் என்றாவது ஒருநாள் சேபரில் கை வைத்தே தீருவார். அவர்களுக்காகவே, 1/48 அளவு மாதிரியில் நான் பூசிப் பார்த்த ஸ்பெயின் நாட்டு வலெஹோ நிறுவனத்தின் மெட்டல் கலர் வண்ணத்தைப் பற்றி எழுதுகிறேன்.

இது நீர் கலந்த அக்ரிலிக் வண்ணம்; 32 மில்லி புட்டியில் வருகிறது. எதையும் கலக்காமல் அப்படியே ஏர்பிரஷ் (காற்றழுத்தத்தால் வண்ணம் தெளிக்கும் கருவி) கிண்ணத்தில் ஊற்றலாம். நிறமித் துகள் மிக நுண்மையானது என்பதால், சாதாரண வெள்ளி வண்ணங்களில் தெரியும் சரிகைப்பொடி மினுக்கம் இதில் இல்லை. பூச்சு தகடு போலவே ஒளியை வாங்கித் திருப்புகிறது. ஆனால் அந்த ஒளியில் பாதி, அடியில் முதல் பூச்சாக அடிக்கும் பளபளப்பான கருப்புப் பிரைமருடையது. பிரைமரில் ஒரு தூசி இருந்தாலும் அலுமினியம் அதை ஊருக்கே அறிவித்துவிடும். எனவே இணைப்புக் கோடுகளை 2000 எண் உப்புத்தாளில் நீர் தொட்டுத் தேய்த்து, பிரைமர் நன்றாகக் காய்ந்தபின், ஏர்பிரஷின் காற்றழுத்தத்தை 15 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு) அளவில் வைத்து, மெல்லிய அடுக்குகளாகப் பூச வேண்டும்.

இந்த வரிசையின் உண்மையான பலம் நிற வேறுபாடுகளில்தான் இருக்கிறது. உண்மை விமானத்தின் தகடுகள் எல்லாம் ஒரே நிறத்தில் இருப்பதில்லை. உடல் முழுவதும் 'அலுமினியம்' பூசி, சில தகடுகளை மட்டும் டேப்பால் மறைத்து 'டியூராலுமினியம்' தெளித்தேன். துப்பாக்கி வாய்களைச் சுற்றிய பகுதிக்குச் சற்றே கருத்த உலோக நிறமும், வால் முனைக்கு 'ஜெட் எக்ஸ்ஹாஸ்ட்' நிறமும் கொடுத்தேன். விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் மட்டுமே தெரியும் வேறுபாடு அது. அவ்வளவே போதும், அதற்கு மேல் போனால் கட்டம் போட்ட கைலியாகிவிடும். (மஸ்டாங் செய்பவர்கள் கவனிக்க: அதன் இறக்கைகளைத் தொழிற்சாலையிலேயே மக்குப் பூசி நிரவி வெள்ளி வண்ணம் அடித்தார்கள். அங்கே பளபளப்பு தவறு, மங்கிய அலுமினியமே சரி.)

கரைப்பான் கலந்த லாக்கர் வகை உலோக வண்ணமான ஆல்கிளாடோடு ஒப்பிட்டால், கண்ணாடி போன்ற குரோம் மினுக்கத்தில் ஆல்கிளாடே மேல். பிடிப்பும் அதற்கே அதிகம். நீர் கலந்த இந்த வண்ணங்களின் மேல் டேப் ஒட்டும்போது, முதலில் உள்ளங்கையில் ஒட்டி எடுத்துப் பசையைக் குறைத்துக்கொள்வது நல்லது. டர்பனின் கோடை ஈரப்பதத்தில் காய்வதும் தாமதமாகும். ஒரு முழுநாள் விட்டுவிடுங்கள். ஆனால் லாக்கரின் ஆவி எளிதில் தீப்பற்றும், தலையையும் சுற்றும். மாலையில் சாமி விளக்கு ஏற்றும் வீட்டின் பின்னறையில் வேலை செய்யும் எனக்கு, மணம் குறைந்த இந்த வண்ணமே சரிப்படுகிறது. அக்ரிலிக் ஆனாலும் தெளிக்கும்போது முகக்கவசம் தேவை.

மேலே வார்னிஷ் அடித்தால் உலோகத் தன்மை சற்று மங்குகிறது. அதனால் தென்னாப்பிரிக்க விமானப்படையின் ஸ்பிரிங்பாக் மான் சின்னத்தை நேரடியாக வண்ணத்தின் மேலேயே ஒட்டினேன்; ஓரத்தில் வெண்படலம் எதுவும் தெரியவில்லை. விலை சாதாரண அக்ரிலிக் புட்டியைவிட அதிகம். முதன்முறை வாங்குபவர் முழு வரிசையையும் அள்ள வேண்டியதில்லை: அலுமினியம், டியூராலுமினியம், கருப்புப் பிரைமர் ஆகிய மூன்றும் ஒரு சேபருக்குத் தாராளம்.